பதினேழாம் பிளாக் மண்

அந்தக் காப்பித் தோட்டத்தில் மரம் இருந்த இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, காப்பித்தூள் பாக்கெட்டின் மேல். அகலமாகக் கிளை விரித்த பச்சை மரம், கிளையில் ஒரு குருவி, அடியில் 'மரநிழலில் விளைந்தது' என்று கொடி போல வளைந்து ஓடும் எழுத்து. இன்னொன்று, தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த அரை ஏக்கர். மிச்ச நாற்பது பிளாக்கிலும் வெயில்தான் விளைந்தது. காப்பிச் செடிகள் ஏதோ தப்புச் செய்து தண்டனை வாங்கியவை போல அதில் வரிசையாக நின்றன.

அந்த அரை ஏக்கரையும் யாரும் அக்கறைப்பட்டுக் காப்பாற்றி வைக்கவில்லை. ஆபீஸ் சுவரில் தொங்கிய வரைபடத்தில் அந்த இடத்துக்கு நேராக 'குப்பை' என்று எழுதியிருந்தது. குப்பையில் போய் யார் கோடாலி வீசுவார்கள்? அதனால் அங்கே அத்தியும் பலாவும் பேர் தெரியாத ஏழெட்டு மரங்களும் அவரவர் இஷ்டத்துக்கு வளர்ந்தன. பறவை தின்று போட்ட கொட்டையில் காப்பிச் செடியும் தானாக முளைத்துக் காய்த்தது. உரம் கிடையாது, மருந்து கிடையாது. லைன் வீட்டுக்காரர்கள் கொட்டிய முட்டை ஓடும் காய்கறித் தோலும்தான் சாப்பாடு. சரிவின் அடியில் ஓர் ஊற்று. கோடையில் கம்பெனிக் குழாய் காற்றை மட்டும் விடும் மாதங்களில் அறுபது வீட்டுக்கும் அதுதான் தண்ணீர்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேனேஜர் அந்த அரை ஏக்கரைப் பற்றித்தான் பேசினார். அவர் 'இயற்கை' என்ற சொல்லைச் சொல்லும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். அன்றைக்குக் கண்ணைத் திறக்கவே நேரமில்லை.

"இயற்கை அனுபவ மாளிகை! நம்ம காப்பி வாங்குறவங்க வந்து இயற்கைய அனுபவிக்கணும். கண்ணாடிச் சுவர், ஏசி, ஸ்பீக்கர்ல குருவிச் சத்தம். லைனுக்குப் பின்னாடி அந்தக் குப்பை எடம் இருக்கில்ல, அங்க காத்து ஜிலுஜிலுன்னு வருது. அங்கதான் கட்டுறோம்."

காற்று ஏன் அங்கே மட்டும் ஜிலுஜிலுவென்று வருகிறது என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றாள்.

லைன் வீடுகளில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. பட்டதாரி என்றால்தான் தெரியும். அறுபது வீட்டுக்கும் ஒரே பட்டதாரி. அம்மாவும் அப்பாவும் காப்பிப் பழம் பறித்துப் படிக்க வைத்த பெண். மண்ணைப் பற்றிப் படித்தாள். படித்துவிட்டுத் திரும்பி வந்ததும், பழைய உர கோடவுனைக் கழுவிவிட்டு 'மண் பரிசோதனைக் கூடம்' என்று பலகை மாட்டி அவளை உள்ளே உட்கார வைத்தது கம்பெனி. முதல் நாள் ஒரு வெள்ளைக் கோட்டு கொடுத்துப் படம் எடுத்தார்கள். 'எங்கள் மண்ணின் மகள்' என்று அது விளம்பரப் புத்தகத்தில் வந்தது. படம் எடுத்து முடிந்ததும் கோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

"சார், அங்க இருக்கிற மரமெல்லாம்?"

"வெட்டணும். மரத்து உச்சியிலயா கட்டடம் கட்ட முடியும்?"

"மரத்த வெட்டிட்டு இயற்கைக்கு மாளிகையா சார்?"

"அதான் உள்ள மரம் வைக்கிறோமே! இலை உதிராத மரம். வாரத்துக்கு ஒருதரம் ஈரத்துணி வெச்சுத் தொடச்சா போதும்."

"சார், அந்த மரம்தான் ஊத்துக்கு உசுரு. இலை உதிர்ந்து மக்கி, மண்ணு பொதபொதன்னு இருக்கு. அதனால மழைத் தண்ணி உள்ள இறங்குது. மரம் போனா தண்ணி மேலயே ஓடிடும், மண்ணையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிடும். அப்புறம் கோடையில லைன்ல எல்லாரும் எதக் குடிக்கறது?"

மேனேஜருக்குக் கோபமே வரவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

"கடைசிப் பக்கத்துல யார் கையெழுத்து?"

"என்னோடது சார்."

"பதினேழாம் பிளாக் என்ன போட்டிருக்க? சத்தமா படி."

"மக்குச் சத்து ஆறு சதவீதம். மண்புழு, மிகுதி. ஈரம் பிடிக்கும் தன்மை, மிக நன்று. மண், மிருது."

"அங்க எத்தன மரம் நிக்குது?"

"ஒண்ணும் இல்ல சார்."

"ஆக, மரமே இல்லாம மண்ணு தங்கமா இருக்குன்னு நீயே எழுதிக் குடுத்திருக்க. மரம் இல்லன்னா மண்ணு போயிடும்னு இப்ப நீயே சொல்ற. நாங்க பட்டதாரி சொல்றதக் கேக்கறதா, பட்டதாரி எழுதினதக் கேக்கறதா?"

அறை கொல்லென்று சிரித்தது. மரம் வெட்ட அடுத்த திங்கள் என்று நாள் குறித்தாயிற்று. அதற்கு முன் சனிக்கிழமை, வருஷா வருஷம் மண் நலச் சான்றிதழ் கொடுக்க வரும் அதிகாரியின் கையாலேயே மாளிகைக்கு முதல் கல் வைப்பதாக ஏற்பாடு.

சாயங்காலம் ஊற்றங்கரையில் அம்மா குடத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். மேலே மரங்களில் ஏற்கெனவே வெள்ளைப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தப்பான விடைக்குப் போடுவார்களே, அதே குறி.

"என்னடி சொன்னான் உன் மேனேஜர்?"

"நான் எழுதினதையே எனக்குப் படிச்சுக் காட்டச் சொன்னான்மா." அவள் விஷயத்தைச் சொன்னாள்.

அம்மா குடத்தை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கூட்டத்தில் கேட்ட சிரிப்பை விட மோசமாக இருந்தது.

"பதினேழாம் பிளாக் மண்ணு மிருதுன்னா எழுதின? அடிப் பாவி! அங்க களை கொத்தப் போனா கொத்து எம்பி மூஞ்சியில அடிக்குது. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிடியே ரெண்டாப் போச்சு. பத்து வருஷம் முன்னாடி, மரம் இருந்தப்ப, அதே பிளாக்ல கையால புல்லு பிடுங்குவோம். இப்ப புல்லே மொளைக்க யோசிக்குது."

"இத ஏம்மா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நீ படிச்சவ. படிச்சவ எழுதினா சரியா இருக்கும், நம்ம கைக்குத்தான் வயசாயிடுச்சு போலன்னு இருந்தோம். ஏன், நீ ஒரு நாளாவது அந்த பிளாக்ல கால வெச்சிருக்கியா?"

பட்டதாரி குனிந்து தன் காலைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக மண் அவளிடம் பையில் வந்தது. பையின் மேல் நம்பர் இருந்தது. நம்பரை நம்பித்தானே பட்டமே வாங்கினாள்!

மறுநாள் காலை, பரிசோதனை போக எடுத்து வைத்திருந்த மீதி மண்ணை எல்லாம் மேசையில் வரிசையாக அடுக்கினாள். நாற்பது பை. பதினேழாம் பையைச் சல்லடையில் கொட்டினாள். கறுப்பான, உதிரியான, மழை வாசனை மாறாத மண். முட்டை ஓட்டுத் துணுக்கு இரண்டு, சட்டைப் பித்தான் ஒன்று, மூன்று பல்லோடு ஒரு ரோஸ் சீப்புத் துண்டு. அந்த பிளாக்குக்குச் சுற்று வட்டாரத்தில் வீடே கிடையாது. முட்டையை யார் உடைத்தார்கள்? முப்பத்தொன்றாம் பையைக் கொட்டினாள். அதிலும் முட்டை ஓடு, அதிலும் ரோஸ் சீப்பு. இரண்டு துண்டையும் ஒட்டிப் பார்த்தாள். பொருந்தியது. அவளுக்குத் தெரிந்த சீப்புதான். காலேஜுக்குக் கிளம்பும் அவசரத்தில் நெளிந்துகொண்டே இருக்கிறாள் என்று அம்மா அவள் மண்டையிலேயே தட்டி உடைத்த சீப்பு. பதினேழாம் பிளாக்குக்கும் முப்பத்தொன்றாம் பிளாக்குக்கும் நடுவில் ஒரு மலை இருக்கிறது.

மண் எடுத்து வருபவர் அவளுடைய தாய்மாமன். திருகித் திருகி நிலத்தில் இறக்கி மண் எடுக்கும் இரும்புக் கம்பி ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. கோடவுன் வாசலில் உட்கார்ந்து அதற்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, என்னோட சீப்பு முப்பத்தொன்னாம் பிளாக்குக்கு எப்படி மாமா போச்சு?"

மாமா நிமிரவில்லை. "காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும் பாப்பா."

"மீதி சீப்பு பதினேழுல கெடக்கே?"

"ரெண்டு காக்கா."

அவள் நகரவில்லை. மாமா எண்ணெய்த் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"மொதல்ல மூணு பிளாக்லதான் மரத்த வெட்டிப் பாத்தாங்க. ஒரு வருஷம் கழிச்சு மண்ணு எடுத்துட்டு வாடான்னாங்க. போனேன் பாப்பா, பொய் சொல்லல, நடந்தே போனேன். கம்பி இறங்கல. மேல ஏறி உக்காந்தேன், அப்பவும் இறங்கல. எனக்கு மூட்டு வலி வேற. நம்ம குப்பை எடத்துல வெண்ணெயில இறங்குற மாதிரி இறங்குது. எங்க எடுத்தா என்ன, எல்லாம் கம்பெனி மண்ணுதானேன்னு..."

"எத்தன வருஷமா?"

"ஏழு."

"ஏழு வருஷமுமா மூட்டு வலி?"

"வலி என்ன காலண்டர் பாத்தா வருது?"

"மாமா, நீங்க குடுத்த அந்த மண்ணப் பாத்துட்டுத்தான், மரம் இல்லாமலே மண்ணு பிரமாதமா இருக்குன்னு மிச்ச முப்பத்தேழு பிளாக்லயும் வெட்டினாங்க. இப்ப அந்த மண்ணு இருக்கிற எடத்தையே வெட்டப் போறாங்க. அதே ரிப்போர்ட்டக் காட்டி."

அது வரைக்கும் மாமா அப்படிக் கோத்துப் பார்த்ததே இல்லை. ஒரு சோம்பேறித்தனம் எவ்வளவு தூரம் நடக்கும் என்று யாருக்குத்தான் தெரியும்? அவருடைய மூட்டு வலி நாற்பது பிளாக்கையும் நடந்து முடித்துவிட்டு வீட்டு வாசலுக்கு வந்து நின்றது.

"மூணு மாசத்துல ரிட்டயர் ஆகுறேன் பாப்பா. வெளிய தெரிஞ்சா கழுத்தப் பிடிச்சுத் தள்ளிடுவான். உன் கையெழுத்தும் இருக்கு, உன்னையும் சேத்துத்தான்."

"தெரியும்." அவள் மாமாவின் முகத்தைப் பார்க்காமல் கம்பியைப் பார்த்தாள். "சனிக்கிழம சான்றிதழ்க்காரர் வராரு. அதுக்கு எண்ணெய நல்லாவே போட்டு வைங்க."

சான்றிதழ்க்காரர் வந்தார். ஏழு வருஷமாக வருகிறவர்தான். கெஸ்ட் ஹவுஸ் வராந்தாவில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, நாற்பது எண்களையும் விரலால் தடவிப் படித்து, தலையாட்டி, கையெழுத்துப் போட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்விடுவார். வெயில் அவருக்கு ஆகாது. அதனால் வெயிலில் நிற்கும் செடிகளை அவர் தொந்தரவு செய்ததில்லை.

அன்றைக்கும் பேனாவைத் திறந்துவிட்டார். அப்போது பட்டதாரி சொன்னாள்: "ஐயா, பதினேழாம் பிளாக் ஏழு வருஷமா முதலிடத்துல இருக்கு. ஒரு தடவை நேர்ல வந்து மண்ணத் தொட்டுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடலாமே."

மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், அவருக்கு எதுவும் தெரியாது. தன் பொய்யைத் தானே முழு மனசோடு நம்பிய மனிதர் அவர்.

"அருமையான யோசனை! வாங்க சார், எங்க மண்ண ஒரு பிடி கையில எடுத்துப் பாருங்க. விட மாட்டீங்க."

ஜீப்பில் போய் இறங்கினார்கள். சுற்றி ஒரு பொட்டு நிழல் இல்லை. செடிகளின் இலைகள் ஓரத்தில் கருகிச் சுருண்டிருந்தன. தரை வெளுத்து, குறுக்கும் நெடுக்குமாக வெடித்துக் கிடந்தது. மழை போன வழியெல்லாம் வாய்க்கால் அறுத்திருக்க, வேர்கள் எலும்பு போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சான்றிதழ்க்காரர் தொப்பியை இறுக்கிக்கொண்டார்.

மாமா கம்பியை நட்டுத் திருகினார். கிறீச்சென்று சத்தம் வந்தது, மண் வரவில்லை. மறுபடி திருகினார். கம்பி சுற்றியது, மாமாவும் சேர்ந்து சுற்றினார்.

"வயசாயிடுச்சு சார் இவருக்கு. குடுய்யா இப்படி." மேனேஜர் வாங்கினார். வெள்ளை ஷூவைப் பரப்பி ஊன்றி, முழு எடையையும் கம்பியின் மேல் போட்டார். கம்பி பக்கவாட்டில் வழுக்கியது. மேனேஜர் பதினேழாம் பிளாக்கின் மேல் உட்கார்ந்தார். தங்கமான மண் அவர் பேண்டில் கூட ஒட்டவில்லை.

"அறிக்கையில மண் மிருதுன்னு இருக்கே?" என்றார் சான்றிதழ்க்காரர்.

"இன்னைக்குக் கொஞ்சம் இறுகி இருக்கு சார். காலையில நல்லாத்தான் இருந்துச்சு."

பட்டதாரி மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டே மெல்லத் தலையசைத்தார்.

"ஐயா, பதினேழாம் பிளாக்கோட மண்ணு இங்க இல்ல. எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கு," என்றாள் பட்டதாரி.

லைன் வீடுகளைச் சுற்றிக்கொண்டு அரை ஏக்கருக்குள் நுழைந்ததுமே சான்றிதழ்க்காரர், யாரும் சொல்லாமல், தொப்பியைக் கழற்றினார். காலடியில் சருகு மெத்தை. மாமா ஒரே கையால் கம்பியை வைத்தார். அது பாட்டுக்கு இறங்கியது. வெளியே இழுத்தபோது கறுப்பு மண்ணோடு இரண்டு மண்புழு நெளிந்துகொண்டு வந்தன. பட்டதாரி பையிலிருந்து சீப்பின் இரண்டு துண்டையும் எடுத்து ஒட்டிக் காட்டி, எது எந்த பிளாக் என்ற பேரில் வந்தது என்று சொன்னாள்.

மேனேஜருக்கு இப்போதுதான் புரிந்தது. "ஏழு வருஷமா ஏமாத்தியிருக்கான் சார்! கம்பெனிய ஏமாத்தியிருக்கான்!"

"ஆமா சார், ஏமாத்தினேன்," என்றார் மாமா. "ஏழு வருஷத்துல ஒரே ஒரு நாள், ஒரே ஒருத்தர், எங்கூட வந்து நின்னு பாத்திருந்தா நான் ஏமாத்தியிருக்க முடியுமா?"

சான்றிதழ்க்காரர் தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "நானும் போய்ப் பாக்கல," என்றாள் பட்டதாரி. "பாக்காமலே கையெழுத்துப் போட்டேன்." அதைச் சொல்லும்போது அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த இடத்தில் கையெழுத்துப் போடுகிற எல்லாருக்கும் வியர்த்தது.

ஊற்றங்கரையிலிருந்து அம்மா குடத்தோடு ஏறி வந்தாள். வந்தவருக்கு ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். பிறகு அண்ணாந்து பார்த்து, "மரத்துல எல்லாம் என்னம்மா குறி?" என்றார்.

"நாளைக் கழிச்சு வெட்டப் போறாங்கய்யா. இயற்கைக்கு வீடு இல்லையாம், பாவம். கட்டிக் குடுக்கப் போறாங்க."

முதல் கல் வைக்கப்படவில்லை. சான்றிதழ்க்காரர் தன் ஏழு வருஷக் கையெழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் அவசரத்தில் மிகவும் கண்டிப்பான மனிதராக மாறிவிட்டார். அவருடைய கடிதம் திங்கட்கிழமை காலையில், கோடாலிக்கு முன்னாலேயே வந்தது. நாற்பது பிளாக்கிலும் நிழல் மரம் நட வேண்டும், அதுவரை சான்றிதழ் நிறுத்தி வைக்கப்படுகிறது, மற்ற பிளாக்குகளை ஒப்பிட்டுப் பார்க்க அந்த அரை ஏக்கர் அப்படியே இருக்க வேண்டும், ஒரு கிளையை வெட்டினாலும் சான்றிதழ் என்ற பேச்சே கிடையாது. வரைபடத்தில் 'குப்பை' என்ற சொல்லின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி 'பாதுகாக்கப்பட்ட வனம்' என்று எழுதினார்கள். தாளுக்குக் கீழே குப்பை இன்னும் மங்கலாகத் தெரிந்தது.

மாமாவை மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் முன்னதாக, மாலை இல்லாமல், குரூப் போட்டோ இல்லாமல். "மூட்டுக்கு நல்லதுதான் பாப்பா," என்றார். ஆனால் கம்பியை ஒப்படைத்துவிட்டு வரும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

பட்டதாரிக்கும் ஓலை வந்தது. கம்பெனியின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததற்காக அவளை மண் பரிசோதனைக் கூடத்திலிருந்து நீக்கி, நாற்றங்காலுக்கு மாற்றி, நாற்பது பிளாக்குக்கும் மரக்கன்று வளர்த்து நடும் வேலையைத் தண்டனையாக விதித்திருந்தார்கள். அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டு அம்மாவுக்கும் படித்துக் காட்டினாள்.

"இதுக்குப் பேரு தண்டனையா?" என்றாள் அம்மா. "இவனுங்கள நம்பி நரகத்துக்குக் கூடப் போக முடியாதுடி. அட்ரஸ் தப்பாக் குடுத்துடுவானுங்க."

கன்றுகளை வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. அரை ஏக்கருக்குள் பழம் விழுந்து தானாக முளைத்தவை முழங்கால் உயரத்துக்கு நின்றன. அவற்றை வேர் மண்ணோடு பெயர்த்துப் பைகளில் வைத்தாள்.

அதற்குள் புது விளம்பரப் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. 'ஏழு ஆண்டுக் கால அறிவியல் ஆய்வின் முடிவில், மரநிழலே மண்ணுக்கு உயிர் என்பதை எங்கள் நிறுவனம் கண்டறிந்துள்ளது.' மண்ணின் மகளின் படத்தைக் காணோம். அந்த இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம், கீழே 'எங்கள் மேலாளர் முதல் மரத்தை நடுகிறார்' என்று எழுத்து மட்டும். படம் இனிமேல்தான் எடுக்க வேண்டும்.

எடுக்க வந்தார்கள். வேறெங்கே, பதினேழாம் பிளாக்கில்தான். லைன் பெண்கள் எல்லாரையும் வரிசையாக நிற்கச் சொன்னார்கள். மேனேஜர் கேமராக்காரரோடு இறங்கினார். இந்த முறை கறுப்பு ஷூ. சுற்றும் முற்றும் பார்த்தார்.

"குழி எங்க?"

"தோண்டல சார்," என்றாள் பட்டதாரி.

"தோண்டி வெச்சிருக்கணும்ல? நான் கன்ன வெச்சு மண்ணத் தள்ளணும், அவ்வளவுதான். யாரையாவது தோண்டச் சொல்லு."

"புத்தகத்துல நீங்க நடுறீங்கன்னு அச்சடிச்சுட்டாங்க சார். அச்சுல வந்தது தப்பாயிடக் கூடாது. ஏற்கெனவே ஒரு தடவை பட்டுட்டோம்."

கேமராக்காரர் கண்ணை லென்ஸில் பொருத்திக்கொண்டு, "ஆமா சார், தோண்டுறாப்புல எடுத்தா உயிரோட்டமா வரும்," என்றார். அவருக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. சத்தியமாக அவராகவே சொன்னதுதான்.

பட்டதாரி கடப்பாரையை எடுத்து மேனேஜரின் இரண்டு கைக்குள்ளும் வைத்தாள். அவர் ஓங்கிப் போட்டார். ணங்கென்று தீப்பொறி பறந்தது. தரையில் ஒரு வெள்ளைக் கீறல் விழுந்தது.

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அம்மா மட்டும் ஊற்றுத் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு முன்னால் வந்து, கீறலின் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் உள்ளே இறங்காமல் அவர் ஷூவை நோக்கி ஓடியது.

"நல்லாக் குனிஞ்சு போடுங்க சார்," என்றாள். "மிருதுவான மண்ணுதான்."